மின்கலக் கைக்கடிகாரம்: பழுதுகள் வளர்த்த வரலாறு

முன்னுரை

பொழுதளக்கும் கருவி எதுவாயினும் அதற்கு இரு கடமைகள் உண்டு. ஒரே சீராக ஓடுதல் ஒன்று; இடையில் நில்லாமல் ஓடுதல் மற்றொன்று. முல்லைப்பாட்டு நமக்குக் காட்டும் நாழிகைக் கணக்கர் நீர்க்கலத்தைக் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவித்தனர். நாளொன்றுக்கு 60 நாழிகை. நாழிகையொன்றுக்கு நம் கணக்கில் 24 நிமிடம். அந்த நீர்க்கலத்தின் நுண்துளையில் ஒரு தூசு அடைத்துக்கொண்டால் அன்றைய கணக்கே பிழைபட்டுப் போகும். ஆகவே, பொழுதை அளக்கும் தொழிலும் அளக்கும் கருவியைப் பேணும் தொழிலும் ஒருங்கே பிறந்தவை எனலாம்.

இன்று நம் மாணவர் பலரின் மணிக்கட்டில் இருப்பது, பேட்டரி என்று வழக்கில் நாம் கூறும் சிறு மின்கலத்தால் இயங்கும் கைக்கடிகாரம் ஆகும். அது நின்றுவிட்டால் பெரும்பாலோர் செய்வன இரண்டே. கடையில் கொடுத்து மின்கலத்தை மாற்றுவர். அதற்கும் ஓடாவிடில் குப்பையில் எறிவர். 'ஏன் நின்றது?' என்று கேட்பார் அரியர். ஆனால் இக்கடிகாரத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்தக் கேள்வியைக் கேட்டவர்களே இதனைப் படிப்படியாக உருவாக்கினர் என்பது விளங்கும். ஒவ்வொரு புதிய கடிகாரமும் அதற்கு முந்தியதன் பழுதிலிருந்து பிறந்தது. அவ்வரலாற்றை அறிந்தவர்க்குக் கையிலுள்ள கடிகாரத்தின் நோயை அறிவதும் எளிதாகும். இவ்விரண்டையும் இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருள்வில்லின் எல்லை

மின்கலம் வருமுன் கைக்கடிகாரத்துக்கு உயிர் கொடுத்தது சுருள்வில். நாள்தோறும் சாவி கொடுத்து அதனை முறுக்குவர். அது மெல்ல மெல்லப் பிரியும்போது சக்கரங்கள் சுழலும். அச்சுழற்சியைக் கட்டுப்படுத்துவது இருபுறமும் ஊசலாடும் சமநிலைச் சக்கரம். பழைய கடிகாரங்களில் இச்சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை துடித்தது. இதயத்துடிப்பினும் விரைந்த துடிப்பு இது.

இவ்வமைப்பின் குறைகளும் அத்துடிப்பிலேயே இருந்தன. எண்ணெய் தடித்தால் துடிப்புத் தளரும். கடிகாரத்தை நிமிர்த்தி வைப்பதற்கும் கிடத்தி வைப்பதற்கும் ஓட்டம் மாறும். அதிர்ச்சி பட்டால் அச்சு முறியும். நல்ல கடிகாரமும் நாளொன்றுக்குச் சில விநாடிகள் பிழைபடும். எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை முற்றாகப் பிரித்துத் துடைத்து, துளித்துளியாக எண்ணெய் இட்டு மீண்டும் பூட்ட வேண்டும். இதனைச் செய்யவல்ல கைவினைஞர் ஊர்தோறும் இருந்தனர். நம் பட்டணங்களில் அஞ்சடி எனப்படும் கடையோர நடைபாதையில், சிறு கண்ணாடிப் பெட்டியை முன்வைத்து, ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திக்கொண்டு குனிந்திருந்த கடிகாரம் பழுதுபார்ப்பவரை மூத்த தலைமுறையினர் மறந்திரார்.

தொடுமுனை தந்த தொல்லை

1957ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் நகரைச் சார்ந்த ஹாமில்டன் நிறுவனம், மின்கலத்தால் ஓடும் கைக்கடிகாரத்தை உலகுக்கு அறிவித்தது. விற்பனைக்கு வந்த முதல் மின்சாரக் கைக்கடிகாரம் அதுவே. சுருள்வில் அகன்றது, சாவி கொடுக்கும் வேலை ஒழிந்தது. ஆயினும் சமநிலைச் சக்கரம் அப்படியே இருந்தது. அச்சக்கரத்தின்மேல் ஒரு கம்பிச்சுருளை அமைத்து, அதன் எதிரே நிலைக்காந்தங்களை வைத்தனர். சக்கரம் ஒவ்வொரு முறை ஊசலாடும்போதும் மெல்லிய உலோக முனைகள் ஒன்றையொன்று தொடும், மின்னோட்டம் பாயும், காந்தவிசை சக்கரத்தைத் தள்ளும்.

பழுது அந்தத் தொடுமுனையில் இருந்தது. நாளொன்றுக்கு இலட்சக்கணக்கான முறை தொட்டுப் பிரியும் முனை தேயும்; தீப்பொறியால் கருகும்; மயிரிழை போன்ற கம்பி சற்றே வளைந்தாலும் கடிகாரம் நிற்கும். பழுதுபார்ப்போருக்கோ சுருள்வில்லும் எண்ணெயும் தெரியும், மின்சுற்றுத் தெரியாது. அவர்களுக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படுமுன்பே கடிகாரம் கடைக்கு வந்துவிட்டது. ஆதலால் விற்ற கடிகாரங்கள் பல திரும்பி வந்தன. 1961ஆம் ஆண்டு திருந்திய இயந்திரத்தை நிறுவனம் வெளியிட்டும், 1969ஆம் ஆண்டோடு அவ்வகை நின்றுபோயிற்று. புதுக்கருவியைக் கொடுப்பவன் அதனைப் பேணும் அறிவையும் உடன் கொடுக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம். கல்வித்துறையிலுள்ள நமக்கு இது புதிதன்று.

இசைக்கவையின் ஒலி

தொடுமுனையே நோய் என்று அறிந்தவர் அதனை நீக்கும் வழியைத் தேடினர். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் அவ்வழியைத் திறந்தது. எதையும் தொடாமலே மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் வல்லது அது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் மாக்ஸ் ஹெட்சல் இதனைப் பயன்படுத்திச் சமநிலைச் சக்கரத்தையே அகற்றினார். அதன் இடத்தில், அறிவியற்கூடத்தில் நம் மாணவர் தட்டிப் பார்க்கும் இசைக்கவையைச் சிறிதாக்கி வைத்தார். 1960ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் புலோவா நிறுவனம் அக்யூட்ரான் என்னும் பெயரால் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது.

அதன் இசைக்கவை விநாடிக்கு 360 முறை அதிர்ந்தது. காதருகே வைத்தால் 'டிக் டிக்' ஒலி இல்லை. வண்டின் ரீங்காரம் போன்ற மெல்லொலியே கேட்டது. மாதம் ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குமேல் பிழைபடாது என்று நிறுவனம் உறுதி கூறியது. இசைக்கவையின் அதிர்வைச் சுழற்சியாக மாற்றியது 300 பற்களை உடைய ஒரு நுண்சக்கரம். அதன் குறுக்களவு இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனைச் செப்பம் செய்ய உருப்பெருக்கி போதாது, நுண்ணோக்கி வேண்டியிருந்தது.

இக்கடிகாரம் ஒரு விந்தையான பழுதையும் வரலாற்றில் விட்டுச்சென்றது. அது 1.35 வோல்ட் அழுத்தமுள்ள பாதரச மின்கலத்துக்காக அமைக்கப்பட்டது. பாதரசத்தின் நஞ்சு கருதிப் பல நாடுகள் அம்மின்கலத்தைப் பின்னர் விலக்கின. 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்ந்த பெரும்பாலான மின்கலங்களின் ஆக்கத்தை 2020ஆம் ஆண்டுக்குள் நிறுத்த வகை செய்தது. பாதரச மின்கலத்துக்கு மாற்றாக 1.55 வோல்ட் வெள்ளி ஆக்சைடு மின்கலத்தைப் பழைய அக்யூட்ரானில் இட்டவர்கள், அது சில வேளைகளில் தலைதெறிக்க ஓடக் கண்டனர். மிகுந்த அழுத்தத்தால் இசைக்கவை அகன்று அதிர, ஒரு பல்லைத் தள்ள வேண்டிய நெம்பு இரு பற்களைத் தள்ளியதே காரணம். கடிகாரம் கெடவில்லை, உணவு மாறியது. மின்கலம் உருவில் பொருந்தினால் போதாது, அழுத்தத்திலும் வகையிலும் பொருந்த வேண்டும் என்னும் விதியை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

குவார்ட்ஸ் படிகத்தின் எழுச்சி

1880ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு உடன்பிறந்தோரான ழாக் கியூரியும் பியர் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். அப்படிகங்களுக்கு மின்சாரம் ஊட்டினால் அவை அதிரும் என்பதும் அடுத்து அறியப்பட்டது. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு வியக்கத்தக்க சீருடையது. 1927ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தனர். அக்காலக் குவார்ட்ஸ் கடிகாரங்கள் அலமாரி அளவின. அதனை மணிக்கட்டுக்கு இறக்கும் முயற்சி நாற்பது ஆண்டுகளுக்குமேல் நீண்டது.

1962ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல் நகரில் கடிகாரக் குழுமங்கள் ஒன்றுகூடி மின்னணுக் கடிகார ஆய்வு நடுவமொன்றை நிறுவின. 1967ஆம் ஆண்டு அந்நடுவம் பீட்டா 1 என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகார முன்மாதிரியை முடித்தது. மறுபுறம் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் 1964ஆம் ஆண்டுத் தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளில் சுமார் 3 கிலோ எடையுள்ள, தூக்கிச் செல்லத்தக்க குவார்ட்ஸ் கடிகாரத்தைப் பயன்படுத்தியது. ஐந்தாண்டுக்குப்பின், 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், தோக்கியோ நகரில் குவார்ட்ஸ் அஸ்ட்ரான் என்னும் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. பொன்னாலான கூட்டோடு அதன் விலை 4,50,000 யென். அந்நாளில் ஒரு சிறு மோட்டார் காரின் விலை அது. அதன் படிகம் விநாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. மாதத்துக்கு 5 விநாடியே பிழை. சுவிஸ் நாட்டார் ஆய்வுக்கூடத்தில் முன்னின்றும் அங்காடியில் பிந்தினர். அவர்களின் பீட்டா 21 கடிகாரம் 1970ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தது.

பிற்காலத்தில் பெருவழக்காய் நிலைத்த அதிர்வெண் 32,768 ஆகும். இவ்வெண் ஏன் என்று மாணவர்களைக் கேட்கலாம். இரண்டைப் பதினைந்து முறை தன்னால் பெருக்கினால் இவ்வெண் வரும். அதனை 15 முறை பாதியாக்கினால் 16,384, 8,192, 4,096 என்று இறங்கி இறுதியில் ஒன்று எஞ்சும். கடிகாரத்தினுள் இருக்கும் நுண்சில்லு செய்வது இவ்வெளிய கணக்கையே. விநாடிக்கு ஒரு துடிப்பு எஞ்சியதும் அதனைக் கம்பிச்சுருளுக்கு அனுப்புகிறது; சுருள் காந்தமாகிறது; சிறு காந்த உருளை அரைச்சுற்றுச் சுழல்கிறது; விநாடி முள் ஒரு படி நகர்கிறது. இப்படிநடை மோட்டாரின் அடிப்படையை அமைத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் மாரியுஸ் லவே. அவர் அதனை உருவாக்கிய 1930களில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் எவர் கனவிலும் இல்லை.

எண்கள் ஒளிர்ந்த காலம்

முள்ளே வேண்டாம் என்று கருதியோரும் இருந்தனர். 1972ஆம் ஆண்டு ஹாமில்டன் நிறுவனம் பல்சார் என்னும் கடிகாரத்தை 2,100 அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. கறுத்த முகப்பில் சிவந்த எண்கள் ஒளிர்ந்தன. ஆனால் அவ்வொளி மின்கலத்தை விரைந்து தின்றது. ஆதலின் எண்களை எப்போதும் காட்ட இயலவில்லை. பொத்தானை அழுத்தினால் மட்டுமே மணி தெரிந்தது. ஒரு கையில் பொருள் இருந்தால் மணி பார்க்க வழியில்லை. இக்குறைக்கு விடையாக வந்தது திரவப் படிக முகப்பு. அது தானே ஒளி உமிழ்வதில்லை. வெளியொளியைத் தடுத்தும் விடுத்தும் எண்களைக் காட்டுகிறது. எனவே மிகச் சிறிய மின்னாற்றலே அதற்குப் போதும். 1973ஆம் ஆண்டு சைக்கோ நிறுவனம் ஆறு இலக்கங்களைக் காட்டும் திரவப் படிகக் கடிகாரத்தை வெளியிட்டது. அப்பத்தாண்டு முடிவதற்குள் சிவந்த எண்கள் மறைந்தன.

விலை வீழ்ந்தது, தொழிலும் வீழ்ந்தது

மின்னணுப் பொருளின் விலை ஆண்டுதோறும் இறங்கும் இயல்பினது. 1976ஆம் ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 20 வெள்ளிக்கும், அடுத்த ஆண்டு 10 வெள்ளிக்கும் எண் கடிகாரங்களை விற்றது. ஐந்தாண்டுக்கு முன் செல்வர் மட்டுமே அணிந்த பொருள் பள்ளிச் சிறுவன் கைக்கு வந்தது. இது நன்மையே. ஆனால் அந்நன்மைக்கு விலை கொடுத்தோரும் உளர். சுவிட்சர்லாந்தில் 1970ஆம் ஆண்டளவில் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுவில் அத்தொகை 30,000ஐச் சற்றே கடந்த அளவுக்குச் சுருங்கிற்று. பிரான்சின் பெசான்சோன் நகரில், லிப் கடிகாரத் தொழிற்சாலையின் ஊழியர் 1973ஆம் ஆண்டு வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிற்சாலையைத் தம் வசமாக்கி, தாமே கடிகாரம் செய்து விற்றனர். அவர்களின் போராட்டம் ஐரோப்பா முழுதும் பேசப்பட்டது.

அதே காலத்தில் நம் நாட்டிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1972ஆம் ஆண்டு பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. அயல்நாட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த இளம்பெண்கள் நாள் முழுதும் நுண்ணோக்கியில் கண்பதித்து, மயிரிழைக் கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினர். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கண்ணில் இருந்த நுட்பம் தொழிற்சாலை வரிசைக்கு இடம் பெயர்ந்தது. அவர் ஒரு கடிகாரத்தை முழுதாக அறிந்தவர். வரிசையில் அமர்ந்த பெண்ணோ ஒரு கம்பியை மட்டுமே அறிந்தவள். இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

தமிழகத்திலும் இவ்வலை எட்டியது. 1984ஆம் ஆண்டு டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் எழுந்த அதன் தொழிற்சாலை குவார்ட்ஸ் கடிகாரத்தையே நம்பி முன்னேறியது. சாவி கொடுக்கும் கடிகாரத்தால் இந்திய இல்லங்களில் புகழ்பெற்றிருந்த எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016ஆம் ஆண்டு இந்திய அரசு முடிவு செய்தது.

சுவிஸ் நாட்டார் மீண்டெழுந்த கதையும் உண்டு. 1983ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் சூரிச் நகரில் ஸ்வாட்ச் கடிகாரத்தை அறிமுகம் செய்தனர். வழக்கமான குவார்ட்ஸ் கடிகாரத்தில் 90க்கு மேற்பட்ட உறுப்புகள் இருக்க, இதில் இருந்தவை 51 மட்டுமே. பிளாஸ்டிக் கூட்டின் அடிப்பாகத்திலேயே இயந்திரத்தைப் பொருத்தி, மேலே கண்ணாடியை ஒட்டி மூடினர். மின்கலத்தை மாற்றப் பின்புறம் ஒரு மூடி உண்டு. உள்ளே சென்று பழுதுபார்க்க வழியே இல்லை. அது ஒரு நாட்டின் தொழிலைக் காத்தது. ஆனால் பழுதுபார்க்கக்கூடாத கடிகாரம் என்னும் எண்ணத்தையும் அதுவே உலகெங்கும் பரப்பிற்று.

பழுதறியும் முறை

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவன் செல்ல வேண்டிய வழியை வரிசைப்படுத்துகிறார். முதலில் நோய், அடுத்து அதன் காரணம், அதன்பின் தணிக்கும் வழி, இறுதியிலே செயல். கடிகாரத்துக்கும் இதுவே முறை. காரணம் அறியுமுன் மின்கலத்தை மாற்றுவது, நாடி பாராது மருந்து கொடுப்பது போன்றது. மேலே கண்ட வரலாற்றை மனத்திற்கொண்டு, மின்கலம், படிகம், சில்லு, கம்பிச்சுருள், சக்கரம், முள் என்னும் வரிசையில் நோக்கினால் பழுது எங்குள்ளது என்பது தெரியவரும்.

விநாடி முள் ஒவ்வொரு விநாடியும் நகராமல், இரண்டு விநாடிக்கு ஒருமுறை இரு படியாகத் தாவினால் அது பழுதன்று. மின்கலம் முடியும் நிலையில் உள்ளது என்று கடிகாரமே தரும் அறிவிப்பு. பல குவார்ட்ஸ் கடிகாரங்களில் இவ்வமைப்பு உண்டு. முள் இருந்த இடத்திலேயே நடுங்கினால், துடிப்பு மோட்டாருக்கு வருகிறது, ஆனால் தள்ளும் வலிமை போதவில்லை என்பது பொருள். மின்கலம் தளர்ந்திருக்கலாம், சக்கரத்தில் தூசு புகுந்திருக்கலாம், முள்ளொன்று மற்றொன்றை உரசலாம். முள் சிறிதும் அசையாவிடில் முதலில் சாவித் திருகு உள்ளே அழுந்தியுள்ளதா என்று காண வேண்டும். அது வெளியே இழுபட்டிருந்தால் கடிகாரம் நிற்பது இயல்பே.

அடுத்து மின்கலத்தை அளக்க வேண்டும். வெள்ளி ஆக்சைடு மின்கலம் 1.55 வோல்ட் காட்ட வேண்டும். அதன் அழுத்தம் ஏறத்தாழ இறுதிவரை ஒரே நிலையில் நின்று, முடியும் தறுவாயில் சட்டென வீழும். மின்கலம் நன்றாக இருந்தும் கடிகாரம் ஓடாவிடில் தொடும் தகடு கருகியதா, வளைந்ததா என்று காண வேண்டும். அதுவும் நன்றெனில் கம்பிச்சுருளில் ஐயம் கொள்ளலாம். மயிரினும் மெல்லிய அக்கம்பி, மின்கலத்தை எடுக்கும்போது திருப்புளி ஒருமுறை வழுக்கினாலும் அறுந்துவிடும். கடிகாரங்கள் சில மின்கலம் மாற்றிய அன்றே இறந்துபோவதன் காரணம் இதுவே. எண் கடிகாரங்கள் சிலவற்றில், புதிய மின்கலம் இட்டபின் குறித்த ஒரு முனையையும் மின்கலத்தின் நேர்முனையையும் உலோக இடுக்கியால் ஒரு கணம் இணைத்தால்தான் சில்லு புதிதாய்க் கணக்கைத் தொடங்கும். இதனை அறியாதோர் நல்ல கடிகாரத்தைக் கெட்டதென ஒதுக்குவர்.

ஆசிரியை ஒருவரின் முள் கடிகாரம் காலைதோறும் சில மணி நேரம் பின்தங்கிக் காணப்பட்டது. கடையொன்றில் ஒரே மாதத்தில் இருமுறை மின்கலத்தை மாற்றியும் பயனில்லை. பள்ளியில் இருக்கும்போது அது பிழையின்றி ஓடியது. இரவில் அதனை எங்கே வைப்பீர்கள் என்று வினவியபோது, கைப்பையில் வைப்பதாகக் கூறினார். அப்பையின் வாயை மூடுவது காந்தப் பூட்டு. காந்தத்தின் அருகில் படிநடை மோட்டாரின் உருளை தடுமாறி நிற்கும். விலக்கினால் மீண்டும் ஓடும். பையை விட்டு மேசைமேல் வைத்ததும் நோய் தீர்ந்தது. ஒலிபெருக்கி, கைப்பேசி உறையின் காந்தம் முதலியவையும் இவ்வாறே செய்யும். எண் கடிகாரத்தில் மோட்டார் இன்மையால் அதனைக் காந்தம் இவ்வாறு தாக்குவதில்லை.

பேணும் முறை

குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு உரிய முதற்பகை ஈரம். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் வியர்வையும் சேர்ந்து, பின்மூடியின்கீழுள்ள ரப்பர் வளையத்தை நாளடைவில் இறுக்கிவிடும். கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தால் காலந்தாழ்த்தாது திறந்து உலர்த்த வேண்டும். மின்கலம் மாற்றும் போதெல்லாம் வளையத்தைத் துடைத்து, சிறிது சிலிகோன் பசை தடவி இடுதல் நன்று. வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். நீரினுள் பொத்தானை அழுத்தலாகாது. பட்டைக்கும் கூட்டுக்கும் இடையே சேரும் அழுக்கை ஈரத்துணியால் துடைத்து வரின் சாவித் திருகு நெடுநாள் இறுகாது.

முடிந்த மின்கலத்தை உள்ளே விட்டுவைத்தல் பெருந்தீங்கு. அதிலிருந்து கசியும் காரம் தகட்டையும் சுற்றையும் அரித்துவிடும். உள்ளே வெண்பொடி தென்பட்டால் கசிவு நேர்ந்துள்ளது என அறியலாம். மின்கலத்தை வெறுங்கையால் தொடாது பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்தல் வேண்டும். உலோக இடுக்கி இரு முனையையும் ஒருசேரத் தொட்டால் மின்கலத்தின் ஆற்றல் வீணாகும்.

மின்கலத்தின் மேலுள்ள குறியைப் படிக்கவும் கற்க வேண்டும். எஸ்.ஆர். என்பது வெள்ளி ஆக்சைடு, எல்.ஆர். என்பது விலை குறைந்த காரவகை, சி.ஆர். என்பது 3 வோல்ட் லித்தியம். சி.ஆர். 2016 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிப்பு 1.6 மில்லிமீட்டர். முள் கடிகாரங்களில் பெரிதும் வழங்கும் எஸ்.ஆர். 626 எஸ்.டபிள்யூ. என்பது 6.8 மில்லிமீட்டர் குறுக்களவும் 2.6 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 26 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் ஒரு மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளுமாயின் 26,000 மணி, அதாவது மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக அது ஓடும். நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு இதனினும் நல்ல வகுத்தல் கணக்கு வேறு வேண்டுமோ?

வெப்பமும் கவனத்துக்குரியது. படிகம் ஏறத்தாழ 25 பாகை வெப்பத்தில் செவ்வையாக அதிருமாறு வெட்டப்படுகிறது. அதனின் மேலே சென்றாலும் கீழே சென்றாலும் அதிர்வு சற்றே குறையும். வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் 60 பாகை வெப்பத்தில் ஒரு நாள் முழுதும் கிடந்தால் மூன்று விநாடிக்குமேல் அது பின்தங்கும், மின்கலமும் கேடுறும். ஒளியால் மின்னேற்றம் பெறும் கடிகாரத்தில் இருப்பது மீண்டும் மீண்டும் ஏற்றத்தக்க தனிவகை மின்கலம். அதன் இடத்தில் பொதுவான மின்கலத்தை இடுதல் கூடாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கழற்றிய மின்கலம் குழந்தையின் கைக்கு எட்டலாகாது. காசு போன்ற லித்தியம் மின்கலத்தைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கிவிடின், இரண்டு மணி நேரத்திற்குள் உள்ளே கடும் புண் உண்டாகக்கூடும். விழுங்கியதாக ஐயம் எழுந்த அக்கணமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

முடிவுரை

1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணியானபோது, தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் தம் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே தள்ளி 1982ஆம் ஆண்டினுள் புகுந்தன. விநாடிப் பிழையின்றி ஓடிய குவார்ட்ஸ் கடிகாரமும், சாவி கொடுத்த பழங்கடிகாரமும் அன்று மனிதர் விரலால் திருத்தப்பட்டன. கருவி எத்துணைச் செம்மையாயினும், நேரம் எது என முடிவு செய்வதும், கருவியை நேராக வைப்பதும் மனிதர் கடமையே என்பதற்கு அந்த இரவு சான்றாகும்.

தேய்ந்த தொடுமுனையைக் கண்டு 'போகட்டும்' என்று எறிந்திருந்தால் இசைக்கவைக் கடிகாரம் பிறந்திராது. மின்கலத்தைத் தின்ற சிவந்த எண்களை அப்படியே ஏற்றிருந்தால் திரவப் படிக முகப்பு வந்திராது. பழுதைப் பொறுமையோடு நோக்கிய கண்களே இத்தொழிலை வளர்த்தன. அஞ்சடியில் அமர்ந்திருந்த கைவினைஞர் இன்று அருகிவிட்டார். அவரோடு அவருடைய கேள்வியும் மறைந்துவிடுதல் நன்றன்று. ஓடாத கடிகாரம் ஒன்றை வகுப்பறையின் மேசைமேல் வைத்து, இது ஏன் நின்றது என்று மாணவரைக் கேளுங்கள். சாவித் திருகைப் பார்ப்பவன் ஒருவன். மின்கலத்தின் குறியைப் படிப்பவள் ஒருத்தி. அருகில் காந்தம் உண்டா என வினவுபவன் இன்னொருவன். காரணம் தேடும் அப்பழக்கம் கடிகாரத்தோடு நின்றுவிடாது. அவர்கள் வாழ்வின் எல்லாத் துறைகளிலும் உடன்வரும். அதனை வளர்ப்பது ஆசிரியர்தம் கடன்.